எதிர் வீட்டுக் கண்ணாடியும் காலை ஊதுவத்தியும்

ஹார்பின்
14 அக்டோபர் 2006

ஹலினா தங்கச்சிக்கு,

சீனாவோட தெக்குல இருந்து வடகோடிக்கு மூணு நாள் ரயில்ல உக்காந்து வந்து சேந்துட்டேன். இங்க இப்பவே வாளித் தண்ணி உறையுது. பொண்ணு ஜிங்யா படுத்தே கெடக்கா. எழுந்து நடக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆறாம் மாசம் ஓடுது. போன் அவ தலமாட்டுலயே இருக்கு. நான் ஒண்ணு பேசினா அவ ஒன்பது கேப்பா. அதோட போன்ல நீ பேசுறது எனக்குப் புரியாது, எங்க ஊர்ப் பேச்சு உனக்குப் புரியாது. அதான் கடுதாசி. நான் நாலாம் வகுப்பு வரைக்கும்தான். எழுத்து கோணலா இருந்தா அகராதிகிட்ட கேட்டுக்கோ.

நீ நம்ம வீட்டுக்குக் குடி வந்து ஒரு மாசம்தான் ஆகுது. அதுக்குள்ள உன்னைத் தனியா விட்டுட்டு வந்துட்டேனேன்னு ரயில் பூரா நெனச்சுக்கிட்டே வந்தேன். சுவான்ஜோ ஊர்ல வெளிநாட்டுக்காரி ஒருத்தி தனியா குடும்பம் நடத்துறது லேசு இல்ல. சொல்றதைக் கேட்டுக்கோ.

கேஸ் சிலிண்டர்காரன் நம்பர் சமையல்கட்டு சுவத்துல எழுதியிருக்கு. மாட்டிட்டு உடனே ஓடப் பாப்பான். விடாத. அவன் முன்னாடியே அடுப்பைப் பத்த வச்சு, நீலமா எரியுதான்னு பாத்துட்டு அப்புறம் அனுப்பு. மீன் வாங்குறதுன்னா சந்து முனையில ஹுவாங் கடைதான். யூஃபெங் தங்கச்சின்னு சொல்லு. முதல்ல சொல்ற விலைக்கு வாங்கினா உன்னை மதிக்கவே மாட்டான். பாதி கேளு. முடியாதும்பான். நட. நாலு அடிக்குள்ள கூப்பிடுவான். கூப்பிடலைன்னா அஞ்சாவது அடியில நின்னு செருப்பைச் சரி பண்ணு.

ரோட்டைக் கடக்கும்போது ஓடாத, நிக்காத. ஒரே சீரா நட, வண்டிக்காரங்க உன்னைச் சுத்திப் போயிடுவாங்க. பாதியில நின்னேன்னா அவனுக்கும் குழப்பம், உனக்கும் குழப்பம். வெளிநாடு போயிட்டுத் திரும்பினா ஒரு நாளைக்குள்ள போலீஸ் ஸ்டேஷன்ல பதியணும். வீட்டுப் பதிவுப் புத்தகம் அரிசி டப்பாவுக்குப் பின்னாடி இருக்கு.

யாராவது சாப்பிட ஏதாவது கொண்டு வந்தா உடனே கை நீட்டாத. ரெண்டு தடவை வேணாம்னு சொல்லு, மூணாவது தடவை வாங்கிக்கோ. கிண்ணத்தைக் காலியா திருப்பிக் குடுக்காத, நாலு பேரிச்சம்பழமாவது போட்டுக் குடு. அப்புறம் உன் வேலை. கல்லறைக் கல்லை சோதிச்சுக் கப்பல்ல ஏத்துறேன்னு தெருவுல யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காத. காலங்காத்தால கல்லறைப் பேச்சு கேட்டா ஒருத்தியும் உன்கிட்ட பேச மாட்டா. தரைக்கல்லுன்னு சொல்லு. தரையிலதானே கெடக்கு.

வலது பக்கத்து வூ டீச்சர் நல்லவங்க, ஆனா எல்லாரையும் திருத்துவாங்க. இடது பக்கத்துத் தையல்காரர் குடிப்பாரு, ஆனா பாவம். எதிர் வீட்டைப் பத்தி எழுத ஒண்ணும் இல்ல.

முக்கியமான விஷயத்துக்கு வரேன். கிளம்பும்போதே சொன்னேன், நீயும் தலையாட்டின. மாடத்துல இருக்கிற கடல் சாமி மாசூ அம்மாவுக்குத் தெனமும் காலையில மூணு ஊதுவத்தி. பிள்ளை கையில வர்ற வரைக்கும் ஒரு காலை கூட விட மாட்டேன்னு அம்மா முன்னாடி மண்டி போட்டு வேண்டியிருக்கேன். சிலையைத் தூக்கிக்கிட்டு ரயில் ஏற முடியுமா? எந்த மாடத்துல வேண்டினேனோ அங்கதான் எரியணும். நீ வேற சாமி கும்பிடுறவ. தெரியும். ஆனா வீட்டுல நீ ஒருத்திதான் இருக்க.

யூஃபெங் அக்கா


சுவான்ஜோ
27 அக்டோபர் 2006

அன்புள்ள யூஃபெங் அக்கா,

உங்கள் கடிதத்தைப் படிக்க இரண்டு மாலைகள் ஆயின. அகராதி உங்கள் பக்கம் நிற்கவில்லை. பாதிச் சொற்கள் அதில் இல்லை. நான் செய்தித்தாள் மாதிரி எழுதுகிறேன் என்று சிரிப்பீர்கள். போலந்தில் எனக்குப் பாடம் சொன்னவர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்.

சிலிண்டர் மாற்றியாயிற்று, நீலமாக எரிகிறது. ஹுவாங் கடையில் விலை பேசி நடந்தேன். ஐந்தாவது அடியில் செருப்பைச் சரிசெய்தேன். ஆறாவது, ஏழாவது அடியும் போயிற்று. திரும்பிப் பார்த்தால் அவர் என் பின்னாலேயே மீனைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறார். "யூஃபெங் சொல்லிக்குடுத்ததுதானே இது? செருப்பைப் பாத்ததுமே தெரிஞ்சிடுச்சு!" என்றார்.

வூ டீச்சர் ஒரு தட்டு நிறையக் கொழுக்கட்டை கொண்டுவந்தார். மறுக்க வேண்டும் என்று நினைவிருந்தது, எத்தனை தடவை என்பது மறந்துவிட்டது. மூன்றாவது தடவையும் மறுத்துவிட்டேன். அவர் தட்டோடு வீட்டுக்குப் போய்விட்டார். இறால் வாசனை மட்டும் படியில் நின்றது. மறுநாள் மன்னிப்புக் கேட்டு, நன்றி சொல்லி, மறுபடி நன்றி சொன்னேன். "என்னம்மா, இத்தனை நன்றி? நான் என்ன அசலூர்க்காரியா?" என்று கோபித்துக்கொண்டார். சொன்னாலும் தப்பு, சொல்லாவிட்டாலும் தப்பு.

என் வேலையைப் பற்றி 'தரைக்கல்' என்றே சொல்லி வருகிறேன். தையல்காரர், "அப்போ தரையில எதுக்கு சிலுவை செதுக்குறாங்க?" என்று கேட்டார். ஓடாமல், நிற்காமல், ஒரே சீராக நடந்துவிட்டேன்.

மாடத்தில் ஒவ்வொரு காலையும் மூன்று ஊதுவத்திகள் எரிகின்றன. ஒரு நாளும் தவறவில்லை. நீங்கள் கவலைப்பட வேண்டாம். ஜிங்யாவுக்காக நானும் செபிக்கிறேன்.

உங்கள்
ஹலினா


ஹார்பின்
6 நவம்பர் 2006

தங்கச்சி,

கொழுக்கட்டை தட்டோட திரும்பிப் போனதைப் படிச்சுட்டு சமையல்கட்டுல நின்னு வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சேன். ஜிங்யா உள்ளே இருந்து என்னம்மான்னு கேட்டா. படிச்சுக் காட்டினேன். அவளும் சிரிச்சா. ரொம்ப நாளாச்சு அவ சிரிச்சு. ஆனா அவ வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சதும் எனக்குப் பயம் வந்துடுச்சு. போதும் போதும்னு சொல்லிட்டேன்.

உனக்கு நான் சொன்னதில்ல. இதுக்கு முன்னாடி ரெண்டு. ரெண்டும் ஏழாம் மாசத்துலதான் போச்சு. ஒண்ணு பையன், ஒண்ணு பொண்ணு. போன வாரத்துல இருந்து இதுக்கும் ஏழாம் மாசம் நடக்குது. மருமகன் வேலைக்குப் போனதும் நான் அவ பக்கத்துல உக்காந்து மூச்சை எண்ணுறேன். அவ தூங்குறான்னு நெனச்சுக்கிட்டு இருந்தா, "என்னம்மா, மூச்சை எண்ணுறியா?"ன்னு கேக்குறா.

இந்த மாசத்துல அந்த மூணு குச்சி ரொம்ப முக்கியம் தங்கச்சி. ஏத்தும்போது என்ன சொல்ற நீ? ஜிங்யா பேரைச் சொல்றியா? பேரைச் சொல்லணும், ஹார்பின்னும் சொல்லணும், அம்மா தெக்குக் கடல்காரி, வடக்கே வழி தெரியாது. சாம்பல் மூணு குச்சியிலயும் சமமா விழுதான்னு பாத்து எழுது. ஒரு பக்கம் சாஞ்சா எழுது.

அங்க குளிர் வந்துடும். நம்ம ஊரு வீட்டுல சூடு போடுற குழாய் எல்லாம் கெடையாது. உள்ளதான் வெளியை விடக் குளிரும். சந்தையில ரப்பர் வெந்நீர்ப் பை விப்பாங்க, வாங்கி வயித்துல வச்சுக்கோ. தலைக்குக் குளிச்சுட்டு ஈரத்தோட வாசல்ல நிக்காத. தெற்குக் காத்து அடிச்சா ஜன்னலைச் சாத்து, இல்லைன்னா சுவரே வேர்க்கும், துணி எல்லாம் பூஞ்சை பிடிக்கும்.

அக்கா


ஹார்பின்
19 நவம்பர் 2006

ஹலினா,

நேத்து ஹுவாங்குக்கு போன் பண்ணினேன். ஜிங்யா கருவாடு கேட்டா, அனுப்பச் சொல்லலாம்னு. மருமகன் அவளைத் தூக்கிக் குளிக்க வைக்கப் போன நேரம் பாத்து பேசினேன். அவன் வாயில இருந்து என்ன வந்துச்சு தெரியுமா? "என்ன யூஃபெங், எதிர் வீட்டுக் குய்மெயோட ராசியாயிட்டீங்க போல? தெனம் காலையில உன் வீட்டுக் கதவைத் தொறந்துக்கிட்டு போறா, பத்து நிமிஷம் கழிச்சு ஊதுவத்தி வாசனையோட வெளிய வர்றா."

போனை வச்சுட்டேன். கருவாட்டை மறந்துட்டேன்.

என் வீட்டுச் சாவி அவ கையில. என் அம்மா மாடத்துல அவ கை. குய்மெய் யாருன்னு தெரியுமா உனக்கு? ஏழு வருஷமா நான் அவகிட்ட ஒரு வார்த்தை பேசினது கெடையாது. அவ வாசல் மேல எட்டு மூலைக் கண்ணாடி தொங்குதே, அதை நீ பாக்கலையா? எதிர்ல வர்ற கெட்டதை எல்லாம் திருப்பி அடிக்கிற கண்ணாடி. அது நேரா எந்த வீட்டைப் பாக்குது? என் வீட்டை. அதை மாட்டின அடுத்த வருஷம் ஜிங்யாவோட முதல் பிள்ளை போச்சு. அப்புறம் ரெண்டாவது. என் வாசல் மேல ஏன் கத்தரிக்கோல் தொங்கவிட்டிருக்கேன்னு நெனச்ச? அழகுக்கா? அவ கண்ணாடி அனுப்புறதை வெட்டுறதுக்கு.

அந்தக் கையாலயா இத்தனை நாளா என் வேண்டுதலுக்குக் குச்சி ஏத்தின? அதுவும் ஏழாம் மாசத்துல?

'ஊதுவத்தி எரிகின்றன'ன்னு எழுதின. நான்தான் முட்டாள். நான் ஏத்துறேன்னு நீ எழுதவே இல்லையே.

சாவியை வாங்கு. இன்னைக்கே வாங்கு. வாங்க முடியலைன்னா வருஷக் கடைசியில வேற வீடு பாத்துக்க. ஜிங்யாவுக்கு எதுவும் தெரியாது. தெரியவும் கூடாது.

யூஃபெங்


சுவான்ஜோ
28 நவம்பர் 2006

அன்புள்ள அக்கா,

நீங்கள் சொன்னது சரி. நான் பொய் எழுதவில்லை, ஆனால் உண்மையை ஒளித்து எழுதினேன். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

நீங்கள் கிளம்பும்போது நான் தலையாட்டியது, நீங்கள் சொல்வது கேட்கிறது என்பதற்காக. எங்கள் கோவிலிலும் தூபம் உண்டு. ஆனால் வேறொரு தெய்வத்தின் முன் அதைக் காட்டுவது எங்கள் முதல் கட்டளையை மீறுவது. என் அம்மா, எனக்கு ஐந்து வயதில், முதன்முதலாகச் சொல்லிக்கொடுத்தது அதைத்தான். எனக்கு இப்போது நாற்பத்தேழு. இருந்தாலும் தீக்குச்சியைக் கையில் எடுத்தால் கை அங்கேயே நிற்கிறது. நீங்கள் போன மறுநாள் காலை, மணி எட்டாகும் வரை மாடத்தின் முன் அப்படி நின்றேன். கம்பெனி வேன் வரும் நேரம். வேண்டுதல் உடைந்துவிடக் கூடாது, என் கையும் வரவில்லை.

தெருவில் யாரிடம் கேட்பது என்று உங்கள் பழைய பேச்சுகளை எல்லாம் நினைத்துப் பார்த்தேன். வூ டீச்சர் என்னைத் திருத்துவார். தையல்காரர் குடிப்பார். எதிர் வீட்டைப் பற்றி மட்டும் நீங்கள் குறை எதுவும் சொன்னதில்லை. அப்படியானால் குறை இல்லாதவர் என்று நினைத்தேன். ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் இங்கே பெரிய குறை என்று யார் எனக்குச் சொன்னார்கள்?

அதற்கு முன்பே எனக்கு அவரைத் தெரியும். உங்கள் வீட்டில் கண்ணாடி இருட்டான குளியலறையில் மட்டும்தான். அதனால் வேனுக்குப் போகும்போது தினமும் எதிர் வாசலில் குதிகாலைத் தூக்கி நின்று, மேலே தொங்கும் கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவிக்கொள்வேன். ஒரு நாள் கதவு திறந்தது. குய்மெய் என்னைப் பார்த்தார், என் சீப்பைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அடியே, அது பேயை விரட்டுற கண்ணாடிடீ! அதுல போய் உன் மூஞ்சியைக் காட்டுற?"

"மன்னிக்கவும். தெரியாது."

"சரி சரி, காட்டு. உன் தலையைப் பாத்தா பேய் நெசமாவே ஓடிரும்."

கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் கணவர் போனபிறகு அப்படிச் சிரித்தது முதல் தடவை என்று பின்னால் சொன்னார். அந்தக் காலையில் நான் தீக்குச்சியோடு போய் நின்றபோது, "யாருக்கு?" என்று கேட்டார். ஜிங்யாவுக்கு என்றேன். "யூஃபெங் சொன்னாளா, என்னைக் கூப்பிடச் சொல்லி?" என்றார். இல்லை, எனக்கு முடியாததால் வந்தேன் என்றேன். உள்ளே போய்க் கை கால் கழுவி, வேறு மேல்சட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஜிங்யாவின் பெயரையும் ஹார்பின் என்பதையும் நான் சொல்லித்தரவில்லை, அவராகவே சொன்னார். "சின்னப் புள்ளையில என் மடியில உக்காந்து மூக்கு ஒழுகினவதானே" என்றார்.

கண்ணாடியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் அவர் வாசலில் போய் நின்று பார்த்தேன். எனக்குக் கல்லின் நேர்க்கோடு பார்ப்பதுதான் தொழில், அக்கா. அந்தக் கண்ணாடி உங்கள் வீட்டைப் பார்க்கவில்லை. பெரிய ரோட்டிலிருந்து சந்து நேராக வந்து அவர் கதவில் முட்டுகிறது. கண்ணாடி அந்தச் சந்தைப் பார்க்கிறது. கண்ணாடி மாட்டிய பிறகும் அவர் கணவரை லாரி அடித்தது அந்த முனையில்தானாம். உங்கள் வாசல் சற்றுச் சாய்வாக எதிரே இருப்பதால் வெயில் நேரத்தில் பளபளப்பு மட்டும் உங்கள் கதவில் விழுகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் வாசல் மேல் தொங்கிய கத்தரிக்கோலை, நீங்கள் கிளம்பிய வாரமே எடுத்துவிட்டேன். என் தங்கை அனுப்பிய பார்சலின் கயிறு அறுக்க. திருப்பி மாட்ட மறந்துவிட்டேன். ஆறு வாரங்களாக அது என் மேசை மேல் பேனாக்களோடு கிடக்கிறது. காரணம் தெரிந்திருந்தால் தொட்டிருக்க மாட்டேன்.

சாவியை நான் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் நாளை காலை குச்சி எரியாது. உங்கள் பதில் வரும்வரை அவரே ஏற்றட்டும். வருடக் கடைசிக்குள் வேறு வீடு பார்த்துக்கொள்கிறேன்.

ஹலினா


ஹார்பின்
8 டிசம்பர் 2006

ஹலினா,

உன் கடுதாசியை நாலு தடவை படிச்சேன். முதல் தடவை கிழிக்கலாம்னு தோணுச்சு. கத்தரிக்கோல் வந்த இடத்துல கை அப்படியே நின்னுடுச்சு.

ஏழாம் மாசம் தாண்டிட்டா. போன திங்கக்கெழமை டாக்டர் பாத்துட்டு நெஞ்சுத் துடிப்பு நல்லா இருக்குன்னாரு. எனக்கும் கேக்கக் குடுத்தாரு, அந்தக் குழாயை. குதிரை ஓடுற மாதிரி இருக்கு.

நான் உக்காந்து கணக்குப் பண்ணிப் பாக்குறேன். கத்தரிக்கோல் மாட்டியிருந்த காலத்துலதான் ரெண்டு பிள்ளையும் போச்சு. இந்தத் தடவை கத்தரிக்கோல் உன் பேனாவோட கெடக்கு, கண்ணாடி தொங்குது, குச்சி ஏத்துறது குய்மெய் கை. ஏழாம் மாசமும் தாண்டியாச்சு. இதை நான் எப்படி எடுத்துக்கிறது? அவ கணவரு செத்த அன்னைக்குக் கூட நான் போகல, தெரியுமா? கதவுக்குப் பின்னாடி நின்னு மேளச் சத்தம் அடங்குற வரைக்கும் கேட்டுக்கிட்டு இருந்தேன். அவரு ரெண்டு புயலுக்கும் எங்க கூரைக்கு ஓடு மாத்திக் குடுத்தவரு.

ஆனா நான் நெனக்கிறது முக்கியம் இல்ல. வேண்டிக்கிட்டது அம்மாகிட்ட. அம்மாதான் சொல்லணும். மாடத்துக்குக் கீழ டப்பாவுல ரெண்டு பிறைக்கட்டை இருக்கு, செவப்புப் பூச்சு, ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் உருண்டை. அதை வச்சு குய்மெயைக் கேக்கச் சொல்லு. நீ தொட வேணாம், உன் மனசு எனக்குப் புரியுது, பக்கத்துல நின்னு பாத்தா போதும். 'இந்தக் கையால ஏத்தினதை ஏத்துக்கிட்டியா அம்மா'ன்னு கேட்டுட்டுக் கீழ போடணும். மேல தெரியுறது ஒண்ணு தட்டை, ஒண்ணு உருண்டைன்னா சரி. ரெண்டும் உருண்டைன்னா இல்ல. ரெண்டும் தட்டைன்னா அம்மா சிரிக்கிறா. மூணு தடவை தொடர்ந்து சரின்னு வரணும்.

என்ன வந்துச்சோ அப்படியே எழுது. எனக்கு ஆறுதல் சொல்ல ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க. உள்ளதைச் சொல்ல நீ ஒருத்திதான். வீடு மாறுற பேச்சு இப்ப வேணாம்.

அக்கா


சுவான்ஜோ
27 டிசம்பர் 2006

அன்புள்ள அக்கா,

பதினேழாம் தேதி ஞாயிறு காலை கேட்டோம். உள்ளதை எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

நீங்கள் சொன்ன கேள்வியை நான் வாசித்தேன். குய்மெய் கையைத் துணியில் துடைத்துத் துடைத்து, கட்டைகளை நெற்றியில் வைத்துக் கேட்டார். முதல் தடவை இரண்டும் தட்டை. "சிரிக்கிறா" என்றார், முகம் வெளுத்து. உடனே பொறுக்கி மறுபடி போட்டார். ஒன்று உருண்டையாக நின்றது. மற்றது நாற்காலிக் காலில் மோதி உருண்டு, தயங்கி, அதுவும் உருண்டையாக நின்றது.

அவர் எழுந்திருக்கவில்லை. மண்டி போட்டபடியே என் முழங்காலைத் தட்டினார்.

"மூணு தடவையும் சரின்னு வந்துச்சுன்னு எழுதிடு."

"என்னால் பொய் எழுத முடியாது, அக்கா."

"பொய்யா? அவ ஊரு விட்டு ஊரு போய், பொண்ணைப் படுக்கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. அவளுக்கு எதுக்குடீ உன் உண்மை?"

"அவர்தான் கேட்டார்."

"கல்லுல வேலை பாத்துப் பாத்துக் கல்லாவே ஆயிட்ட நீ."

சாவியை மேசை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை அவர் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. "அம்மா வேணாம்னு சொல்லிட்டா. இன்னும் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வருவேன்?" என்று உள்ளேயிருந்து சத்தம் மட்டும் வந்தது. வூ டீச்சர் ஊரில் இல்லை. தையல்காரரைப் போய்ப் பார்த்தேன், அவர் எழுந்திருக்கும் நிலையில் இல்லை. வேன் வந்து ஹாரன் அடித்தது. நான் மாடத்தின் முன் நின்றேன்.

அக்கா, அன்று நானே பற்றவைத்தேன்.

கும்பிடவில்லை. மண்டி போடவில்லை. உங்களிடம் மறைக்க மாட்டேன், மனதில் அன்னை மரியாளிடம்தான் பேசினேன். 'இது என் வேண்டுதல் இல்லை, இன்னொரு தாயின் வாக்கு. அவள் தூரத்தில் இருக்கிறாள். கை மட்டும் என்னுடையது' என்று சொன்னேன். பிறகு வாய்விட்டு ஜிங்யாவின் பெயரைச் சொன்னேன். ஹார்பின் என்றும் சொன்னேன். மூன்றாவது குச்சி பற்ற மறுத்தது, இன்னொரு தீக்குச்சி கிழித்தேன். அதன் பிறகு ஒவ்வொரு காலையும் ஏற்றினேன். கிறிஸ்துமஸ் காலையிலும், எங்கள் கோவிலுக்குக் கிளம்புவதற்கு முன், ஏற்றினேன். கோவிலில் பாவங்களைப் பாதிரியாரிடம் ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்ல வேண்டுமா என்று வரிசையில் நின்றபடியே யோசித்தேன். என் முறை வந்தபோது சொன்னேன். பாதிரியார் வயதானவர், இந்த ஊர்க்காரர். "பிள்ளை பிறந்துவிட்டதா?" என்று மட்டும் கேட்டார். இன்னும் இல்லை என்றேன். "பிறந்ததும் வந்து சொல்" என்றார்.

இதில் எது சரி, எது தப்பு என்று எனக்குத் தெரியவில்லை. தெய்வம் 'இல்லை' என்ற செய்தியை உங்களுக்கு எழுதுகிறேனே என்ற பயத்தில் இந்தக் கடிதத்தைப் பத்து நாள் எழுதாமல் தள்ளிப்போட்டேன். சாம்பல் மூன்று குச்சியிலும் சமமாகவே விழுகிறது. தினமும் பார்க்கிறேன்.

ஹலினா


ஹார்பின்
11 ஜனவரி 2007

தங்கச்சி, என் ராசாத்தி,

பொறந்துட்டா! ஒன்பதாம் தேதி, விடிஞ்சு ஏழரை மணிக்கு. பொண்ணு. ரெண்டு கிலோ எழுநூறு. நாளுக்குக் கொஞ்சம் முன்னாடிதான், ஆனா கத்துறதைக் கேட்டா அப்படித் தெரியல. ஜிங்யா பிழைச்சா, நல்லா இருக்கா, பசிக்குதுங்கிறா. நான் ஆஸ்பத்திரி நடைபாதையில தெக்குப் பக்கமா திரும்பி நின்னு விழுந்து கும்பிட்டேன். அது தெக்கா கிழக்கான்னு இந்த ஊர்ல யாருக்குத் தெரியும். ஒரு நர்ஸ் மயக்கம் போட்டுட்டேன்னு நெனச்சு ஓடி வந்தா. உன் பாதிரியார்கிட்ட போய்ச் சொல்லிடு. காத்துக்கிட்டு இருப்பாரு.

உன் கடுதாசி மூணாம் தேதியே வந்துச்சு. 'இல்லை'ன்னு படிச்சதும் மடிச்சு மெத்தைக்கு அடியில சொருகிட்டேன். அப்புறம் மறுபடி படிச்சேன். முதல்ல என்ன வந்துச்சு? சிரிப்பு. அட, சிரிப்பு வந்தா அதோட நிறுத்தணும் தங்கச்சி! கேள்வியே கோணல்னு அர்த்தம். கேள்வியை மாத்தாம அதையே திருப்பிக் கேட்டா அம்மா கோவிச்சுக்கிட்டு இல்லைம்பா. இது எங்க ஊர்ல சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குய்மெய்க்கும் தெரியும். பயத்துல மறந்துட்டா. என் தப்புதான். ஒரு மனுஷியைத் தராசுல போட்டு நிறுத்துச் சொல்லுன்னு அம்மாகிட்ட அனுப்பினேன். அம்மா என்ன கசாப்புக் கடையா வச்சிருக்கா?

இங்க கட்டை இல்ல. ரெண்டு காசை எடுத்து, அம்மா பேரை ஒரு செவப்புக் காயிதத்துல எழுதி ஜன்னல்ல ஒட்டி, நானே கேட்டேன். என்ன கேட்டேன்னு எழுத மாட்டேன், எனக்கு வெக்கமா இருக்கு. மூணு தடவையும் தொடர்ந்து சரின்னு வந்துச்சு.

நீ ஏத்தின குச்சியைப் பத்தி என்ன எழுதுறதுன்னு மூணு நாளா பேனாவை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். கும்பிடலைன்னு எழுதியிருக்க. அம்மாவைக் கும்பிடுறவங்க லட்சம் பேரு இருக்காங்க. மனசு ஒப்பாம, அடுத்தவ பிள்ளைக்காகத் தெனம் வந்து நின்னவ எத்தனை பேரு? நான் உன் இடத்துல இருந்தா உன் சாமி முன்னாடி ஒரு மெழுகுவத்தி ஏத்தியிருப்பேனான்னு யோசிச்சேன். ஏத்தியிருக்க மாட்டேன். நெசமா சொல்றேன். வீட்டை விட்டுப் போன்னு உனக்கு எழுதினேனே, அந்தக் கடுதாசியை அடுப்புல போட்டுடு.

பிள்ளை கைக்கு வந்தாச்சு, வேண்டுதல் முடிஞ்சுது. நாளையில இருந்து நீ ஏத்த வேணாம். உன் வேலையை நீ பாரு.

இதுக்குள்ள இன்னொரு காயிதம் மடிச்சு வச்சிருக்கேன். அது குய்மெய்க்கு. அவளுக்குப் படிக்கத் தெரியாது. நீதான் படிச்சுக் காட்டணும். கதவைத் தொறக்கலைன்னா வாசல்ல நின்னு சத்தமா படி. தெரு கேட்டா கேக்கட்டும். உன் செய்தித்தாள் பேச்சுல மாத்திப் படிக்காத. நான் எழுதினபடி படி.

அக்கா


(கடிதத்துக்குள் மடித்து வைத்திருந்த காகிதம்)

குய்மெய்,

நான் யூஃபெங் பேசுறேன். குரல் இவளோடது, பேச்சு என்னோடது. ஓடாம நின்னு கேளு.

ஜிங்யாவுக்குப் பொண்ணு பொறந்திருக்கு. அவ மூக்குதான், உன் மடியில ஒழுகின அதே மூக்கு.

ஏழு வருஷத்துல ஒரு நாள் உன் வாசப்படியில வந்து நின்னு, அந்தக் கண்ணாடி எங்க பாக்குதுன்னு நான் பாத்திருக்கலாம். பத்து அடி தூரம்தான். வரல. உன் வீட்டுக்காரரு போன அன்னைக்கும் வரல. அன்னைக்கு நான் கதவுக்குப் பின்னாடிதான் நின்னேன். உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனக்கிறேன்.

இங்க பிள்ளை பெத்தவளுக்கு தினைக் கஞ்சியும் அவிச்ச முட்டையும் குடுக்குறாங்க. மூணு வேளையும் அதேதான். நல்லெண்ணெயில வறுத்த முத்தின இஞ்சி இல்லாம எப்படிக் குளிர் எறங்கும்? இந்த ஊரு இஞ்சி தண்ணியா இருக்கு. நானே வறுத்துப் பாத்தேன், கசந்து போச்சு. கருகாம வறுக்கிற பக்குவம் எனக்கு என்னைக்கும் வந்ததில்ல, நம்ம தெருவுல உன் ஒருத்திக்குத்தான் வரும். ரெண்டு ஜாடி வேணும். ஒண்ணு பத்தாது. ஹலினா தபால்ல போட்டுடுவா.

உன் வீட்டுல வறுக்காத, உன் அடுப்பு சின்னது. சாவி மேசை மேலதான் கெடக்கு, எடுத்துக்கோ. பெரிய வாணலி மேல் தட்டுல இருக்கு. என் அடுப்புல வறு. ஜன்னலைத் தொறக்காத, வாசனை வீட்டுக்குள்ளயே நிக்கட்டும்.